பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யும் முன்: மைக் பெட்டியின் குமிழ்களை அறிந்துகொள்வோம்

ஈப்போ – பேராவில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், ஹீவுட் போன்ற தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. ஆனால், லயங்களில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பால்மரப் பாட்டும் எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை. அவை எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

இதை உணர்ந்த பேரப்பிள்ளைகள் சிலர், கோயில் மண்டபத்து மைக்கை இரவல் வாங்கி வந்து பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். பிறகு போட்டுக் கேட்டால் குரல் கரகரவென உடைந்திருக்கும். இல்லையென்றால் குரலைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்கும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். அந்த அடுத்த முறை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பெரும்பாலும் குறை மைக்கில் இருப்பதில்லை. மைக்குக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவே இருக்கும் ‘பிரீ-ஆம்ப்’ எனும் முன்பெருக்கியைச் சரியாக வைக்காததுதான் காரணம்.

அது என்ன வேலை செய்கிறது?

மேடையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக், சத்தமாகப் பேசினாலும் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு மின்சாரத்தைத்தான் தரும். ஆம்ப்ளிஃபையருக்கோ பதிவுக் கருவிக்கோ ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவு தேவை. இடையில் உள்ள இந்த இடைவெளியை நிரப்புவது பிரீ-ஆம்ப். 20 டெசிபல் கூட்டினால் பத்து மடங்கு, 40 என்றால் நூறு மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு.

இதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டும் என்பதில்லை. மண்டபத்து மிக்ஸரில் ஒவ்வொரு வரிசையின் உச்சியிலும் ‘கெய்ன்’ என்றொரு குமிழ் இருக்கும். அதுதான் பிரீ-ஆம்ப்பின் கைப்பிடி. கணினியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியிலும் இதுவே இருக்கிறது.

ஒயரில் தொடங்குவோம்

மைக்கிலிருந்து வரும் மூன்று கால் பிளக்கை ‘எக்ஸ்எல்ஆர்’ என்பார்கள். முதல் கால் எர்த். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஒலியை நேரெதிர் திசைகளில் சுமந்து வருகின்றன. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். பிரீ-ஆம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து போகிறது. அதனால்தான் கோயில் வாசலிலிருந்து மண்டபக் கோடி வரை நீண்ட ஒயர் இழுத்தாலும் குரல் தெளிவாக வருகிறது. கிட்டார் ஒயரை மைக்கில் மாட்டி அவ்வளவு தூரம் இழுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பெட்டியில் ‘மைக்’, ‘லைன்’ என இரண்டு துளைகள் இருக்கலாம். மைக்கை லைன் துளையில் செருகினால் குரல் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். கீபோர்டு, கைப்பேசி போன்றவற்றுக்கு லைன் துளைதான் சரி.

வெளியே செல்லும் இணைப்பிலும் கவனம் வேண்டும். மிக்ஸரின் ‘லைன் அவுட்’டைக் கைப்பேசியின் ஹெட்செட் துளையில் நேராகச் செருகுவது பலர் செய்யும் தவறு. அந்தத் துளை எதிர்பார்ப்பது சின்ன மைக்கின் அளவு. அங்கே போய்ச் சேர்வதோ அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. குரல் உடையத்தான் செய்யும்.

48 வோல்ட் பொத்தான்

கண்டென்சர் வகை மைக் வேலை செய்ய மின்சாரம் தேவை. மைக் ஒயர் வழியாகவே அதை அனுப்புவது ‘ஃபேன்டம்’ மின்சாரம். பொத்தானில் ‘48V’ என்று எழுதியிருக்கும். 1966-இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் மைக் செய்து கொடுத்தது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் குறைந்த அந்நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்தினார்கள். அந்த எண்தான் உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

சாதாரண டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை; ஒயர் சரியாக இருந்தால் கெடுதலும் இல்லை. பழைய ரிப்பன் மைக்கிற்கு மட்டும் கொடுக்காமல் இருப்பது நல்லது. பொத்தானை அழுத்தும் முன்பும் ஒயரைப் பிடுங்கும் முன்பும் ஒலியளவை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘டப்’பென்று வெடிக்கும் சத்தம் ஸ்பீக்கரைப் பழுதாக்கலாம்.

கெய்ன் குமிழ்

வெற்றியும் தோல்வியும் இந்தக் குமிழில்தான். அதை அதிகமாகத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்படும். சிவப்பு விளக்கு மின்னுவது அதற்கான எச்சரிக்கை. அதன்பின் கீழேயுள்ள ஃபேடரை இறக்கினால் சத்தம் குறையுமே தவிர உடைசல் போகாது. அடிப்பிடித்த பாலில் தண்ணீர் ஊற்றினாலும் தீய்ந்த வாடை போகாதது போலத்தான் இதுவும்.

மிகக் குறைவாக வைத்தாலும் தொல்லை உண்டு. பிறகு கணினியில் சத்தத்தைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

சரியான வழி எளிது. பாடுபவரை, பாட்டில் உச்சத்துக்குப் போகும் அடியைப் பாடச் சொல்ல வேண்டும். “ஹலோ, ஒன்று, இரண்டு” என்று சொல்லிப் பார்ப்பது போதாது. அந்த உச்சத்தில் மீட்டர் கழித்தல் 12 டெசிபலைத் தொடும்படி குமிழை வைக்கலாம். உச்சவரம்பான பூஜ்யத்துக்கு இன்னும் இடம் இருக்கும். அந்த இடம் கட்டாயம் தேவை. ஒப்பாரி பாடும் மூதாட்டி, இறந்தவரை நினைத்துக் குரலை உயர்த்தும்போது யாரிடமும் சொல்லிவிட்டு உயர்த்த மாட்டார்.

குரல் சிறிதாக இருந்தால் குமிழைத் திருகுவதற்கு முன் மைக்கை அருகில் கொண்டுபோக வேண்டும். தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுற்றுப்புற இரைச்சல் அப்படியே இருக்கும். ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில், ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. திருமுறை, பேச்சுப் போட்டிகளிலும் இதே விதிதான். உயரமான அண்ணனுக்கு வைத்த மைக்கைக் கீழே இறக்காமல் விட்டு, சிறுமியின் குரல் எடுபடவில்லை என்று மதிப்பெண் குறைத்தால் அது அவள் குற்றமாகாது.

மற்ற பொத்தான்கள்

‘பேட்’ என்பது ஒலியைக் குறைக்கும் பொத்தான். 20 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்காகும். நாதஸ்வரம், தவில் அருகே மைக் வைக்கும்போது உதவும். மெல்லிய குரலுக்குப் போட்டால் வீண்.

‘லோ கட்’ என்பது ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமலைக் குறைக்கும். காற்றாடி, சாலையில் போகும் லாரி, மேடையில் நடக்கும் காலடி எல்லாம் அடங்கும். பெண் குரலுக்கு ஒன்றும் ஆகாது. உறுமி மேளம் பதியும்போது மட்டும் எடுத்துவிட வேண்டும்.

வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி, அலையைத் தலைகீழாக்கும் பொத்தான். உறுமியின் இரு முகங்களுக்கும் இரண்டு மைக் வைத்து, சத்தம் சப்பென்று இருந்தால் ஒன்றில் மட்டும் இதை அழுத்திக் கேட்டுப் பார்க்கலாம்.

உயிருக்கு ஆபத்தான தவறு

‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வந்தால் சிலர் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யக்கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு மைக்கை உதட்டருகே பிடிப்பவருக்கு அந்த எர்த் ஒயர்தான் காவல். எல்லாக் கருவிகளையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுப்பதும், மைக் ஒயரை மின் ஒயரிலிருந்து விலக்கி வைப்பதும் பெரும்பாலும் ரீங்காரத்தைக் குறைத்துவிடும்.

சுவிட்ச் போடும்போது மிக்ஸர் முதலில், பவர் ஆம்ப்ளிஃபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில்.

பதிவு தொடங்கியதும் பாடுபவர் தம் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் சொல்லட்டும். முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனை அவர் காதிலேயே வைத்து அரை நிமிடம் கேட்கச் செய்யலாம். குரல் உடைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பாட்டி இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். குமிழைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி பாடச் சொல்லலாம்.