பொன்னாடையும் பிரஷர் குக்கரும்

நம் சங்கத்து மேடையில் பொன்னாடைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தலைமை தாங்குபவருக்கு ஒன்று, சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, அவரை அழைத்து வந்தவருக்கும் ஒன்று. ஆனால் ஆண்டுதோறும் நாம் நடத்தும் இரத்ததான முகாமில் காலை ஏழு மணியிலிருந்து கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு இதுவரை ஒரு ரோஜாப்பூ கூடக் கொடுத்ததில்லை. இந்த ஆண்டு விழாவில் அவர்களைச் சிறப்பிப்பது என்று செயற்குழுவில் ஒருமனதாக முடிவாயிற்று. எப்படிச் சிறப்பிப்பது என்பதில்தான் ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

இரத்தம் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரஷர் குக்கர் தரலாம், கூட்டம் தானாக வரும் என்றார் ஓர் அன்பர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொல்கத்தாவில் இருந்துகொண்டு அப்படி நினைக்காமல் இருப்பதுதான் கடினம். இங்கே பேட்டைக்குப் பேட்டை கிளப், கிளப்புக்குக் கிளப் இரத்ததான முகாம். பிரஷர் குக்கர், டிராலி பை என்று பரிசு கொடுத்துக் கூட்டம் சேர்த்த முகாம்களைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. அது ஏன் கூடாது என்று அன்றைக்கு எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது நம்மை எவ்வளவு நெருக்கமாகத் தொடும் விஷயம் என்று பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால், 'இரண்டு பேரை அழைத்து வந்து பதிலுக்கு இரத்தம் கொடுங்கள்' என்று கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. ஊரில் என்றால் சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளை என்று ஒரு பட்டாளமே வந்து நிற்கும். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து ஃபிளாட்காரரும் அலுவலக நண்பரும்தான். முன்பின் தெரியாத ஒருவர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பைதான் நமக்குச் சொந்தக்காரர். தலசீமியா உள்ள குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களுக்கு இரத்தம் ஏற்றியாக வேண்டும். சிவப்பணுக்களைச் சாதாரணமாக 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்கலாம். தட்டணுக்களோ ஐந்தே நாள். வாங்கிப் பரணில் போட்டு வைக்கிற சரக்கு அல்ல இது.

இந்தியாவின் முதல் இரத்த வங்கி இதே நகரத்தில், 1942-இல், உலகப் போரின்போது, அகில இந்தியச் சுகாதார நிறுவனத்தில் தொடங்கியது. பின்னால் நாடெங்கும் இரத்தத்தை விலைக்கு விற்றுப் பிழைப்பவர்கள் பெருகினார்கள். ரிச்சர்டு டிட்மஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1970-இல் பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். காசுக்கு வாங்கிய இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி அதிகம் என்பது அவர் காட்டிய முக்கியமான செய்தி. நம் நாட்டில் 'காமன் காஸ்' அமைப்பு தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி முதல் தேதியோடு இரத்த வியாபாரம் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

காசு கூடாது, சரி. குக்கர் காசா? என்னைக் கேட்டால், ஆமாம். காரணம் பரிசோதனையில் இருக்கிறது. எடுக்கும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எய்ட்ஸ் கிருமி, பி வகை, சி வகை மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிக்கிறார்கள். ஆனால் கிருமி புதிதாக உடம்பில் நுழைந்திருக்கும் ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் அது சிக்காமல் போகலாம். அந்த இடைவெளியில் நமக்கு இருக்கும் ஒரே காவல், கொடுப்பவர் கேள்வித்தாளில் எழுதும் உண்மைதான். காய்ச்சல் வந்ததா, மருந்து சாப்பிடுகிறீர்களா, பச்சை குத்திக்கொண்டீர்களா என்று கேட்கும்போது, வாசலில் அடுக்கி வைத்த குக்கர் கண்ணில் பட்டால் சிலருக்கு நாக்கு பிறழும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்து முகாமில், 'நாலு நாள் முன்னாடி வரைக்கும் ஜுர மாத்திரை மாமா, சொல்லியிருந்தா பையைக் கொடுத்திருக்க மாட்டாங்களே' என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். நல்ல பிள்ளைதான். ஒரு பை இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று நோயாளிகளுக்குக்கூடக் கொடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

பின் எதுதான் கொடுக்கலாம்? செஞ்சிலுவைச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 1991-இல் வகுத்த விளக்கம் தெளிவானது. சிற்றுண்டி, சிறிய நினைவுப்பொருள், வந்துபோன செலவு, இவை தானத்தின் தன்மையைக் கெடுக்காது. பணமும், பணத்துக்கு ஈடான பொருளும் கெடுக்கும். ஆக மசால் தோசைக்குத் தடையில்லை. (நம் முகாமின் மசால் தோசைக்காகவே வரும் வங்காள நண்பர்களை நான் அறிவேன். அதைப் பற்றி டிட்மஸ் என்ன சொல்லியிருப்பாரோ!)

இனி, யாரைச் சிறப்பிப்பது? இரத்தம் கொடுத்தவர்களை மட்டும் மேடையேற்றினால் பாதிப் பேரை விட்டவர்களாவோம். முதல் நாள் இரவே வீடு வீடாகத் தொலைபேசி செய்து நினைவூட்டுகிற மாமி இருக்கிறார். கட்டில், மேஜை ஏற்றி இறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பந்தலுக்கு வாடகை வாங்காத வங்காளிக் கடைக்காரர் இருக்கிறார். மயக்கம் வருகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் இருக்கிறார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வந்து, வரிசையில் நின்று, திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பதினெட்டு வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுப்பார்கள். பல முகாம்களில் விரலில் எடுத்த ஒரு சொட்டை நீலத் துத்தக் கரைசலில் விடுவார்கள். மூழ்கினால் சரி, மிதந்தால் வீட்டுக்கு. நம் பெண்களில் பலருக்கு அது மிதக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை. முகம் வாடித் திரும்பும் அந்தச் சகோதரிகளும், 'போன வாரம் ஜுரம் இருந்தது' என்று தாமாகவே சொல்லி விலகுகிறவர்களும் முகாமுக்கு உதவியவர்கள்தான். கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஆனால் உண்மையைச் சொல்லி விலகியவர், எங்கேயோ ஒரு நோயாளியைக் காப்பாற்றியவர்.

கடைசியில் முடிவானது இது. குக்கர் இல்லை. பொன்னாடையும் இல்லை, அது அடுத்த ஆண்டு வேறு யார் தோளுக்காவது போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே! ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சான்றிதழும் ஒரு சிறு சட்டைப் பதக்கமும் உண்டு. கொடுத்தவர், உழைத்தவர், திருப்பி அனுப்பப்பட்டவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி. வழங்குவதற்கு அமைச்சரை அழைக்கப் போவதில்லை. மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு குழந்தையின் பெற்றோரிடம் கேட்டிருக்கிறோம். குழந்தையை மேடையில் காட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்கள். தேசியத் தன்னார்வ இரத்ததான நாளான அக்டோபர் 1-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று விழா.

முகாமில் எந்த வகையிலாவது கை கொடுத்தவர்கள், கூச்சப்படாமல், பெயரைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதிச் செயலாளரிடம் தரவும். இனிஷியலை விரித்து எழுதுங்கள். போன தடவை இரத்த வங்கி கொடுத்த அட்டைகளில் பாதிப் பேர் தங்கள் அப்பாவின் பெயரில் இரத்தம் கொடுத்திருந்தார்கள்.