வாடிய காய் வேறு, கெட்ட காய் வேறு



ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கி பிரிட்ஜில் வைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால் கீரை துவண்டு கிடக்கிறது, கேரட் சுருங்கியிருக்கிறது. "இதில் இனி என்ன சத்து இருக்கப்போகுது?" என்று சிலர் குப்பையில் கொட்டிவிட்டு, வெறும் ரசம் சோற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், "காசு போட்டு வாங்கினதாச்சே" என்று அழுகினதையும் அரிந்து குழம்பில் போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

கலவையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ராணிப்பேட்டை, செய்யாறு பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளுக்கு விடிகாலையில் பஸ் ஏறும் பெண்களுக்கு அன்றாடம் காய் வாங்க நேரம் கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை வாங்கி வைப்பதில் தவறில்லை. எதைச் சமைக்கலாம், எதை எறிய வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

வாடினால் என்ன குறைகிறது?

காய் வாடுவது தண்ணீர் வற்றுவதால். கூடவே வைட்டமின் சி குறைகிறது. பசலைக்கீரையை 4 டிகிரி செல்சியஸ் குளிரில் 7 நாள் வைத்தால்கூட வைட்டமின் சி முக்கால் பங்குவரை போய்விடும். வெளியில் வைத்தால் இன்னும் வேகமாகப் போகும். ஃபோலிக் அமிலமும் குறையும். ஆனால் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து எங்கும் போவதில்லை. கேரட்டில் கண்ணுக்கு நல்லதான சத்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதை ஏன் சொல்கிறோம்? 2019-21-இல் நடந்த 5-ஆவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்த நிலையில் வாடின கீரைக்கட்டைத் தூக்கி எறிவது, கையிலிருக்கும் இரும்புச்சத்தை எறிவதுதான். துவண்ட கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் ஓரளவு நிமிர்ந்துவிடும். சமைத்து இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். குறைந்த வைட்டமின் சி ஈடாகும். இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்கவும்: கீரை சாப்பிட்டாலும், செவிலியர் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தக்கூடாது.

எதை எறிய வேண்டும்?

• கொழகொழவென்று ஆனது, தண்ணீர் கசிவது, நாற்றம் அடிப்பது.
• பூசணம் பிடித்த தக்காளி, கத்தரிக்காய், கீரை. இவை மெத்தென்றவை, பூசணம் உள்ளே பரவியிருக்கும். முட்டைக்கோஸ், கேரட் போன்ற கெட்டியான காயானால், பூசணத்தைச் சுற்றி ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.
• பச்சை நிறம் ஏறிய, நிறைய முளை விட்ட உருளைக்கிழங்கு. இதில் நஞ்சு சேர்ந்திருக்கும்.

"நல்லா கொதிக்க வச்சா சரியாப் போயிடும்" என்று எண்ணவேண்டாம். கொதியில் கிருமி சாகும். ஆனால் பூசணமும் சில கிருமிகளும் உண்டாக்கிய நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

வைக்கும் முறை

கீரையை ஈரமாக வைத்தால் சீக்கிரம் அழுகும். அழுகின தழையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம். அதில் உணவைச் சுற்றக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே எச்சரித்திருக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்குக்கு பிரிட்ஜ் தேவையில்லை. காற்றோட்டமான நிழலே போதும். வாங்கிய வாரத்தில் முதலில் கீரை, பிறகு வெண்டை, பீன்ஸ், கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று சமைத்து வந்தால் எதுவும் வீணாகாது. கழுவிவிட்டு அரியுங்கள், அரிந்தபின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

சமைத்ததில்தான் அதிக ஆபத்து

பச்சைக் காயைவிட, மீந்த குழம்பும் பொரியலும் சீக்கிரம் கெடும். சமைத்து 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்கவேண்டும். நம் ஊர்க் கோடையில் 1 மணி நேரம்தான் கணக்கு. எடுத்தால் ஒருமுறை மட்டும், நன்றாகக் கொதிக்கவைத்து உண்ணுங்கள். கரண்ட் போய் 4 மணி நேரத்துக்கு மேல் ஆனால், மீந்த சமையலைக் கொட்டிவிடுங்கள். பச்சைக் காய்கறிக்குப் பயமில்லை.

அப்படியும் குழந்தைக்கு வாந்தி, பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காலதாமதம் செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

வாடியதை உண்போம், அழுகியதை ஒதுக்குவோம்!