ஜனாதிபதி வெறும் 'ரப்பர் ஸ்டாம்பா'?
கருணை மனு மீது கையெழுத்து விழ 11 ஆண்டு!

ஆய்க்குடி,

தென்காசி பக்கத்தில் உள்ள ஆய்க்குடிக்கு டெல்லி ரொம்ப தூரம். ஆனாலும் ஜனாதிபதி பெயரில் ஒரு கவுரவம் இந்த ஊரைத் தேடி வந்தது.

1975-ல் கடற்படை தேர்வுக்குப் போன இடத்தில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். மனிதர் முடங்கிவிடவில்லை. 1981-ல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, ஊனமுற்றோருக்கு வாழ்வு கொடுத்தார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஜனாதிபதியே பார்த்துத் தேர்ந்தெடுத்தாரா என்றால், இல்லை. பிரதமர் அமைக்கும் கமிட்டி சிபாரிசு செய்யும். விருது ஜனாதிபதி பெயரில் வரும்.

திருப்பி அனுப்பிய கலாம்

எல்லாமே இப்படித்தான். மந்திரிசபை சொல்கிறபடி ஜனாதிபதி நடக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஒரு தடவை, "மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். அவ்வளவுதான்.

நம்ம ராமேசுவரத்துக்காரர் அப்துல்கலாம் 2006-ல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்டு அதையே மறுபடி நிறைவேற்றியது. கலாம் கையெழுத்துப் போட்டார்.

தூங்கிய கோப்பு

ஆனால் எத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போடவேண்டும்? அதற்கு சட்டத்தில் கெடு இல்லை. வில்லங்கமே அங்கேதான். விருது தாமதமானால் உயிர் போகாது. தூக்குக் கைதிக்கு?

ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோர் 2000-ம் ஆண்டு ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டார்கள். கருணை மனுவிலும் மந்திரிசபை ஆலோசனைதான். கோப்பு உள்துறையில் தூங்கியது. ராஷ்டிரபதி பவனிலும் தூங்கியது. இதற்குள் 2 ஜனாதிபதிகள் பதவி முடிந்து போய்விட்டார்கள்!

2011-ல் மனு தள்ளுபடி ஆனது. செப்டம்பர் 9-ந்தேதி தூக்கு என்று வேலூர் ஜெயிலில் நாளும் குறித்தாகிவிட்டது. ஆகஸ்டு 30-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டதால் 3 பேரும் தப்பினார்கள். 2014 பிப்ரவரி 18-ந்தேதி, 11 ஆண்டு தாமதத்தைக் காரணம் காட்டி சுப்ரீம் கோர்ட்டு தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

மறுபடியும் டெல்லிக்கு!

அதோடு விட்டதா? 7 பேரையும் விடுதலை செய்ய 2018-ல் தமிழக மந்திரிசபை சிபாரிசு செய்தது. கவர்னர் 2 வருஷத்துக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டு, ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டார்.

அப்படி அனுப்பியதே செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. ஜனாதிபதி கையெழுத்துக்குக் காத்திராமல், 2022 மே 18-ந்தேதி பேரறிவாளனைத் தானே விடுதலை செய்தது. 19 வயசில் பிடிபட்டவருக்கு அப்போது வயசு 50.