தீராத ஒற்றைத் தலைவலிக்கு 'போடாக்ஸ்' ஊசி: யாருக்குப் பயன்படும்?

முகச் சுருக்கங்களைப் போக்கும் சிகிச்சையால் அறியப்பட்ட 'போடாக்ஸ்' ஊசி, நாள்பட்ட ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் பயன்படுகிறது. இதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இல் ஒப்புதல் அளித்தது.

'குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம்' என்ற பாக்டீரியா உருவாக்கும் நச்சுப் புரதமே இம்மருந்து. மிகக் குறைந்த அளவில் செலுத்தும்போது, வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளிலிருந்து வெளியாவதை இது தடுக்கிறது.

மாதத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாள்கள் தலைவலியால் அவதிப்படும் ஒற்றைத் தலைவலி நோயாளிகளுக்கே இது பரிந்துரைக்கப்படுகிறது. நெற்றி முதல் தோள் வரை 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட் மருந்து, 12 வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும்.

இது வலியை உடனே தணிக்கும் மருந்தன்று. வலி வரும் நாள்களைக் குறைப்பதே நோக்கம். கழுத்து வலி, இமை தொங்குதல் போன்ற பக்கவிளைவுகள் ஏற்படலாம். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.