சிலிண்டருக்குள் சாய்கோடுகள்

ரீபோர் (உட்சுவரைக் குடைந்து சீராக்கும் வேலை) முடிந்து வந்த எஞ்சின் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் முழுக்க, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். வேலை சுத்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஹோனிங் கற்களைச் சுழற்றியபடியே மேலும் கீழும் ஓட்டி, வேண்டுமென்றே போட்ட கோடுகள் அவை.

உலோகம் எவ்வளவு வழவழப்போ அவ்வளவு உராய்வு குறையும் என்பது பாதி உண்மைதான். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இரும்பிலும் மைக்ரான் அளவில் மேடுபள்ளங்கள் உண்டு. ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் ஆயில் படலம் இந்த மேடுகளைவிடத் தடிமனாக நிற்கும். உலோகம் உலோகத்தைத் தொடாது. மேலேயும் கீழேயும் பிஸ்டன் நின்று திரும்பும் இடத்தில்தான் சிக்கல். அங்கே வேகம் ஒரு கணம் பூஜ்யம். படலம் மெலிகிறது, மேடுகள் உரசுகின்றன. வேகத்தைப் பொறுத்து உராய்வு இப்படி மாறுவதை, பேரிங்குகளை வைத்து ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-லேயே காட்டிவிட்டார்.

பிஸ்டன் திரும்பும் இடத்திலும் ஆயில் தங்க வேண்டும். அதனால் நல்ல ஹோனிங்கில் இரண்டு கட்டம். முதலில் முரட்டுக் கல்லால் பள்ளம். பிறகு நைசான கல்லால் மேடுகளின் நுனியை மட்டும் சீவுவார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அந்தச் சமதளத்தில் வழுக்கும், பள்ளத்தில் ஆயில் தங்கும். நாள்பட்ட ஓட்டத்தில் கோடுகள் மறைந்து சுவர் பளபளத்துவிட்டால் ஆயில் நிற்க இடமில்லை. ரிங்கும் சுவரும் சிராய்த்துக்கொள்ளும். புது ரிங் போடும்போது மெக்கானிக் மறுபடி ஹோனிங் செய்யச் சொல்வது இதற்குத்தான்.