சாவா மூவாப் பசுக்கள்

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, கரிசல் காட்டின் நடுவே அமைந்த ஊர் பசுவந்தனை. ஆனந்தவல்லி அம்மனுடன் கயிலாசநாதர் அருள்பாலிக்கும் இத்தலத்தில், மேய வந்த பசுக்கள் ஈசனை வந்தனை செய்தமையால் ஊருக்கு இப்பெயர் அமைந்தது என்கிறது தலவரலாறு. பசு தானே வந்து வணங்கிவிட்டது. அப்பசுவை ஆண்டு முழுவதும் காப்பாற்றத்தான் மனிதர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறுபதாம் கல்யாணம், பெற்றோர் நினைவு நாள், வேண்டுதல் நிறைவேற்றம் என்று கோயிலுக்குப் பசுவை அளிக்கும் குடும்பங்கள் பல. மாலையிட்டு, குங்குமம் வைத்து, கன்றுடன் ஒப்படைத்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புவர். பசுவின் பசியோ அன்று மாலையே தொடங்கிவிடும்.

250 முதல் 300 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுப் பசுவுக்கு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 6 அல்லது 7 கிலோ தீவனம் வேண்டும். கரிசல் நிலத்தில் அது சோளத்தட்டையும் கம்பந்தட்டையும். உடன் சிறிது தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விதைப்பு. அறுவடை முடியும் தை, மாசியில் தட்டை மலிவாகக் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் மேய்ச்சலும் இராது. தட்டையின் விலையும் ஏறிவிடும். இவற்றுடன் பராமரிப்பவரின் கூலியும் உண்டு. இடையன் பசுவை அடித்ததைப் பொறாது, தாமே மேய்க்க முன்வந்த சண்டேசுவர நாயனாரின் வரலாறு, பராமரிப்பவரின் மனம் எத்தனை முக்கியம் என்பதைக் காட்டும்.

வரவு என்ன? பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே நாட்டுப் பசுவுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அதில் சில மாதங்கள் பால் வற்றியிருக்கும். கன்று குடித்தது போக எஞ்சும் பால் அபிஷேகத்துக்குச் செல்லும். அது காசாக மாறாது. பசு 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கடைசி ஆண்டுகளில் பாலும் இல்லை, கன்றும் இல்லை. செலவு மட்டும் குறைவதில்லை. நிதி இல்லாத தொழுவத்தில் முதலில் சந்தையை நோக்கி நடப்பது இந்தக் கிழப்பசுதான்.

உதாரணமாக, ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,500 ரூபாய். இதை வட்டியிலிருந்தே பெறவேண்டுமானால், 7 சதவீத வட்டியில் சுமார் 5,21,000 ரூபாய் வைப்புநிதி வேண்டும். பசுவின் விலையோ இதில் சிறு பங்குதான். அந்த வட்டியும் மாறாமல் நிற்க, தீவன விலை ஆண்டுதோறும் உயரும். பத்தாண்டு கழித்து அதே வட்டி அரைவயிற்றுக்கே போதும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்தச் சிக்கலை நம் முன்னோர் சிந்தித்திருக்கின்றனர். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற கணக்கு காணப்படுகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட கால்நடைகளைச் 'சாவா மூவா' என்று கல்வெட்டுகள் சிறப்பிக்கும். சாகாதவை, மூப்படையாதவை என்று பொருள். பசு சாகாது என்பதன்று. கிழடானதன் இடத்தில் கன்று வளர்ந்து நின்று, மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பதே கருத்து.

இந்த ஏற்பாட்டில் முதல் என்பது பணமன்று, உயிருள்ள மந்தை. வட்டி நெய்யாகவே வந்தது. ஆகவே விலைவாசி ஏறினாலும் விளக்கு அணையவில்லை. நாளுக்கு ஓர் உழக்கு நெய்க்கு 48 பசுக்கள் என்னும்போது, வற்றிய பசுக்களுக்கும் பஞ்ச காலத்துக்கும் இடம் விட்டே கணக்கிட்டனர் எனலாம். மிகுந்த பாலும் மோரும் சாணமும் இடையர் குடும்பத்தின் பிழைப்புக்கு உதவியிருக்கும். இவையன்றி, இடையர்க்குப் பிணை நின்றோரின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. கடனுக்கு ஜாமீன் கேட்கும் இன்றைய வங்கிக்கும் இது புதிய நடைமுறை அன்று.

இன்று கோயில்களில் உபரியாகச் சேரும் பசுக்களைக் கிராமக் கோயில் பூசாரிகளுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் வழங்கும் வழக்கம் உண்டு. வளர்ப்பவர்க்கு வருவாய், பசுவுக்குத் தொழுவம் என்ற பழைய நெறியின் சாயல் அதில் தெரிகிறது.

கோதானம் செய்ய விழைவோர் மனத்தில் கொள்ளத்தக்கவை சில. பசுவை அளிக்குமுன், இடமும் ஆளும் உண்டா என்று கோயிலில் விசாரிப்பது முதற்கடமை. இருக்கும் பசுவுக்கு ஓராண்டுத் தீவனம் ஏற்பதும் கோசேவையே. கையில் ரொக்கம் இல்லாத சம்சாரி, தை அறுவடையில் ஒரு வண்டித் தட்டை கொண்டுவந்து போட்டால், அது சித்திரையில் பொன்னுக்கு நிகர். பால் வற்றிய கிழப்பசுவின் பெயரால் செலுத்தும் காணிக்கை எல்லாவற்றினும் மேலானது. அதனிடமிருந்து திரும்பப் பெற ஏதுமில்லை.

பசுவந்தனையில் ஈசனை வணங்கிய பசுக்கள் கயிலாசநாதரிடம் என்ன வேண்டின என்று தலவரலாறு சொல்லவில்லை. கோடையில் ஒரு கட்டுத் தட்டையும், தொட்டி நிறையத் தண்ணீரும் கிடைத்தால், அவற்றின் வந்தனைக்கு மனிதர் செய்யும் பதில் வந்தனை அதுவே ஆகும்.