படச்சுவடி

தாம் கண்டதைப் பிறருக்குக் காட்டவும், மறந்த பின்னரும் மீண்டும் காணவும் மாந்தர் கொண்ட வேட்கையின் பயனே நிழற்படம். இக்காலத்தே கைப்பேசி இல்லாத மாணவர் அரியர். படம் எடாது கழியும் நாளும் அரிது. ஆயினும், எடுத்த படங்களுள் தாளிற் பதிந்தவை எத்தனை? பதிந்தவற்றுள் நம் பேரர் கைக்குச் சென்று சேரத்தக்கவை எத்தனை? இவ்வினாக்களை எம் உள்ளத்தில் எழுப்பியது, சென்ற விடுமுறையிற் காஞ்சிமாநகரில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். அதனை முதற்கண் கூறி, நல்ல நிழற்படங்களைத் தாங்கும் ஆல்பம் ஒன்றைக் கையாற் கட்டும் முறையைப் பின்னர் விளக்குவாம். ஆல்பத்தை ஈண்டுப் படச்சுவடி என்றே வழங்குவாம்.

பிள்ளையார்பாளையத்தில் நெசவுத்தொழில் புரியும் குடும்பத்தினர் ஒருவர் எமக்கு நெடுநாட் பழக்கமுடையோர். அவ்வில்லத்து மூதாட்டியார், காலஞ்சென்ற தம் கணவர் குழித்தறியில் அமர்ந்து கோர்வைப் புடைவை நெய்யும் படத்தைப் பெரிதாக்கித் தருமாறு எம்மை வேண்டினார். இருந்த படி அஃது ஒன்றே, நெகடிவ் இல்லை. கடையில் வாங்கிய ஆல்பம் ஒன்றில், பசைக்கோடுகள் இட்ட அட்டையின்மேல், பிளாஸ்டிக் தாள் மூடி அது கிடந்தது. “பார்த்து எடுங்கள், தம்பி” என்றார் மூதாட்டியார். யாம் ஒரு மூலையைத் தூக்கினோம். தாள் வந்தது, படத்தின் மேலடுக்கில் ஒரு பகுதி வாராது அட்டையோடே நின்றது. தறி இருந்தது, பாவு இருந்தது, நெய்தவரின் வலக்கை இல்லை. மூதாட்டியார் எம்மைக் கடிந்திலர். “ஒட்டினது அவர்தான், தம்பி, நன்றாக ஒட்டிவிட்டார்” என்று மட்டும் சொன்னார்.

எடுக்குமுன், அட்டையில் இருந்தபடியே அதனை மறுபடம் எடுத்து வைத்திருத்தல் வேண்டும். பின்னர் மெல்லிய வலிய நூலொன்றைப் படத்திற்கும் அட்டைக்கும் இடையே செலுத்தி, இழைத்து இழைத்துப் பசையை அறுத்திருத்தல் வேண்டும். இவற்றை யாம் பிழைசெய்த பின்னரே கற்றோம். கற்றவற்றுள் தலையாயது யாதெனின், படத்தை இறுகப் பற்றுவது நற்சுவடி அன்று. வேண்டும்போது ஊறின்றி விடுவிப்பதே நற்சுவடி என்பதாம். கீழ்க்கூறும் முறைகள் யாவும் இவ்வொரு விதியினின்று பிறப்பனவே.

நிற்க. படங்களைச் சுவடியாக்கும் வழக்கம் நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது எனலாம். ஆங்கில நாட்டில் டால்பட் என்பார் நிழற்படங்கள் ஒட்டிய நூலொன்றை 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்டனர். நம் நாட்டில் சென்னைப் பட்டாளத்து அதிகாரியான லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை மாகாண அரசினரின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1857 டிசம்பர் தொடங்கித் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களிற் படம் எடுத்தனர். 1858இல் அவை பல தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தன. மதுரைத் தொகுதிகளுக்குக் குறிப்பெழுதியோருள் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டிரேசி பாதிரியார் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள தொடர்படம் ஒன்றையும் டிரைப் அமைத்தனர். தமிழ் பயில்வார்க்கு இஃது எத்துணை இனிய செய்தி!

அக்காலத்தார் படங்களை அட்டையில் முழுதும் ஒட்டினர். என்னை? அன்றைய படத்தாள் மிக மெல்லியது. முட்டையின் வெண்கரு பூசிய தாளாயின் சுருண்டு கொள்ளும் இயல்பினது. ஆதலின் ஒட்டாது வைத்தல் அவர்க்கு இயலாதாயிற்று. அதன் பயனாக அட்டையின் குணம் எதுவோ அதுவே படத்தின் ஊழுமாயிற்று. அட்டையில் அமிலம் மிகுந்திருப்பின் படமும் உடன் பழுத்தது. இன்று நாம் பதிக்கும் பருத்தித் தாள் தடித்தது; தானே நிமிர்ந்து நிற்பது. அவர்க்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லை. இருந்தும் பசையை நாடுவோமாயின் அது பழக்கமேயன்றித் தேவை அன்று.

இனிச் சுவடி கட்டுமாற்றைக் கூறுவாம். முதற்கண் படம் முற்றுப் பெற்றிருத்தல் வேண்டும். வெள்ளியுப்பு முறையிற் பதித்ததாயின் ஹைப்போ எஞ்சாதவாறு ஓடும் நீரில் நன்கு கழுவுக. எஞ்சின் நாளடைவில் மஞ்சளித்து மங்கும். இக்காலப் பொறியில் நிறமி மையாற் பதித்ததாயின் ஒரு பகலும் ஓர் இரவும் விரித்து உலர விடுக.

அடுத்துத் தாள். சுவடியின் ஏடுகள் பருத்திக் கந்தலாற் செய்த, அமிலமற்ற தாளாக இருத்தல் நலம். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தார் 1959 முதல் இத்தகைய கைத்தாள் செய்து வருகின்றனர். கைத்தாள் என்ற பெயர் ஒன்றே சான்றாகாது. அமிலம் உண்டா என்று சோதித்து வாங்குக. நிழற்படத்தோடு நெடுநாள் உறையும் தாளும் பசையும் அதனைக் கெடுக்குமா என்று காணும் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் உலகப் பொதுவிதியே உளது. அச்சோதனையில் தேறியவை என்று குறித்த பொருள்கள் கிடைப்பின் அவற்றையே கொள்க.

நெசவூரில் தாளைப் பற்றிப் பேசுவார்க்கு ஒரு வசதி உண்டு. துணியிற் பாவும் ஊடையும் போல, ஆலைத்தாளில் நார்கள் ஒரு திசை நோக்கி ஓடும். ஈரம் பட்டால் தாள் நாரின் குறுக்கே மிகுதியும் விரியும். நெடுக்கே சிறிதே விரியும். ஆகவே சுவடியின் முதுகுக்கு இணையாக நார் ஓடுமாறு ஏடுகளை வெட்டல் வேண்டும். மாறி வெட்டினால் மழைக்காலத்தில் ஏடு அலையலையாக நெளியும், புரட்டவும் மறுக்கும். நாரின் போக்கை அறியத் தாளின் நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக ஒரே அளவுள்ள இரண்டு நறுக்குகளை வெட்டி நுனியைப் பிடித்துத் தூக்குக. குறைவாகத் தொங்குவதே நாரின் வழி வெட்டியது.

இனிப் படத்தை ஏட்டில் இருத்தும் முறை. மெல்லிய வலிய தூய தாளை அரை விரற்கடை அகலமாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்கையும் முக்கோணமாக மடித்து மூலைப்பை ஆக்குக. நான்கு பைகளையும் படத்தின் நான்கு மூலைகளிற் செருகி, படத்தை ஏட்டில் நடுவுறக் கிடத்திப் பைகளின் பின்புறத்தை மட்டும் ஏட்டோடு ஒட்டுக. படத்தின்மீது ஒரு துளிப் பசையும் படலாகாது. பை மிக இறுக்கமாகவும் ஆகாது. தாள் ஈரத்தில் விரிதற்கு ஒரு மயிரிழை இடம் விடுக. படத்தைச் சிறிது வளைத்தால் வெளியே வரவேண்டும்; வளையாதபோது அசையாதிருத்தல் வேண்டும்.

ஈண்டு எம் இரண்டாம் பிழையையும் சொல்லி விடுகின்றோம். யாம் முதலிற் கட்டிய சுவடியில் 20 ஏடுகள். ஏடுதோறும் இருபுறமும் படம். கட்டி முடித்தபோது முதுகு ஒடுங்கி, வாய் பிளந்து, இரைக்கு அங்காந்த மீன்போல நின்றது. கணக்கிட்டுப் பார்த்தோம். தடித்த பருத்திப் படத்தாளின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இருபுறமும் படம் உள்ள ஓர் ஏடு ஒரு மில்லிமீட்டர் பருக்கும். 20 ஏடுகள் 20 மில்லிமீட்டர் பருக்கும். முதுகிலோ படம் இல்லை. ஆதலின் அங்குப் பருமை இல்லை. இதற்கு மருந்து எளிது. படத்தாளிலேயே மிஞ்சிய ஓரங்களை 4 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, அடுத்தடுத்த ஏடுகளுக்கிடையே முதுகோரத்தில் இவ்விரண்டாக வைத்துத் தைத்தால், முதுகும் வாயும் ஒத்த பருமை பெறும். எத்துணைப் படம் சேர்க்கின்றோமோ அத்துணை இடத்தை முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

பட்டைகளின் விளிம்பை அடுத்து ஒவ்வோர் ஏட்டிலும் மழுங்கிய எலும்புக் கத்தியால் ஒரு கோடு அழுத்துக. ஏடு அக்கோட்டிலே மடிந்து திரும்பும். பின்னர் முதுகோரத்தில் ஐந்து துளையிட்டு, மெழுகு தடவிய நூலாற் பக்கத்தையல் இடுக. முதுகிற் பசை பூச வேண்டா. நம் முன்னோரின் ஏட்டுச்சுவடியை எண்ணிப் பார்மின். துளையும் கயிறும் இரண்டு சட்டமுமே அதன் கட்டு. ஓர் ஏடு செல்லரித்ததாயின் அதனை வேறாகப் படியெடுத்துச் சேர்ப்பர். ஏனைய ஏடுகளுக்கு ஊறில்லை. பக்கத்தையலும் அத்தகையதே. நூலை அறுத்து ஏடுகளைப் பிரிக்கலாம், மீண்டும் தைக்கலாம்.

மேலட்டைக்குப் பட்டு உறை இடக் கருதினோம். காஞ்சியிற் கட்டுவது பட்டின்றி அமையுமோ? அவ்வில்லத்தாரே கோர்வைத் துணியின் மிச்சம் ஒன்றை ஈந்தனர். கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து இணைப்பதே கோர்வை. துணி கிழியினும் இணைப்பு விடாது என்று நெசவாளர் பெருமையுறக் கூறுவர். பட்டை நேரே அட்டையில் ஒட்டினால் பசை ஊறி மேலே கறையாகும். ஆதலின் முதலில் அதன் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டி உலர்த்திக் கொள்க. சரிகையும் சாயமும் படத்தைத் தொடலாகாது. அட்டையின் உட்புறத்திற்குத் தூய வெள்ளைத்தாள் இடுக.

பசையாவது கோதுமைக் கஞ்சியே. ஒரு பங்கு கோதுமை மாச்சத்தை ஐந்து பங்கு நீரிற் கரைத்து, பளபளப்பேறும் வரை கிளறி, ஆறிய பின் துணியில் வடித்துக் கொள்க. இது நீர் பட்டால் இளகும். ஆதலின் பின்னாளிற் பிரித்தற்கும் உதவும். பூச்சி அரியாமைப் பொருட்டு நம் ஊர்ப் பைண்டர்கள் மயில்துத்தம் கலத்தல் வழக்கம். கணக்குப் புத்தகத்திற்கு அது நன்று, படச்சுவடிக்கு ஆகாது. துத்தத்தில் உள்ள தாமிரமும் அமிலமும் தாளையும் படத்தையும் கெடுக்கும். பூச்சியைத் தடுக்க வழி வேறு: சுவடியை வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், பெட்டியுள், படுக்க வைத்து, திங்கள்தோறும் எடுத்துப் புரட்டிப் பார்த்தலே. இராமபாணப் பூச்சி இருளையும் மறதியையும் விரும்பும்.

இறுதியாக, எழுத்து. படத்தின்கீழ், ஏட்டில், மென்கரிப் பென்சிலால் யார், எங்கே, என்று, யாது செய்கின்றனர் என்று எழுதுக. டிரைப்பின் படத்தொழிற்சாலையில் ஐயாசாமி என்னும் தமிழர் ஒருவர் துணைவராய் உழைத்தனர். ஆயினும் தொகுதிகளின் தலைப்பில் விளங்குவது டிரைப்பின் பெயரே. எம் சுவடியில் நெய்தவர், நூல் சுற்றியவர், படம் பதித்தவர், தைத்தவர் ஆகிய எல்லார் பெயரையும் எழுதினோம். பாவு, ஊடை, கோர்வை, பேட்னி என அவர் வாயிற் கேட்ட சொற்களையும் கேட்டவாறே எழுதினோம்.

அக்கிழிந்த படத்தை மறுபடம் எடுத்து, பெரிதாக்கி, முதல் ஏட்டில் வைத்தோம். இக்காலக் கணிப்பொறி இல்லாத கையையும் வரைந்து தரும். அங்ஙனம் செய்யலாமோ என்று மூதாட்டியாரைக் கேட்டோம். “வேண்டாம், தம்பி, அது வேறு யார் கையோ” என்றார்.

மூன்று திங்கள் கழித்து மீண்டும் சென்றபோது சுவடியைத் திறந்து பார்த்தோம். முதல் ஏட்டின் மூலைப்பைகள் மட்டும் நைந்திருந்தன. வினவியபோது, வெள்ளிக்கிழமைதோறும் அப்படத்தை வெளியே எடுத்து விளக்கருகில் வைப்பதாகவும், மறுநாள் மீண்டும் செருகி விடுவதாகவும் மூதாட்டியார் கூறினார். படத்தில் ஒரு கீறலும் இல்லை. புதிய மூலைப்பைகள் நான்கு மடித்து ஒட்டிவிட்டு, இன்னும் பன்னிரண்டு மடித்துக் கொடுத்து வந்தோம்.